பத்தொன்பதாம் அத்தியாயம் வரை

சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் கல்லூரி முதல்வர் தொடங்கி வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் நோட்ஸ் சார்தான். இலக்கியம் படிக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்காக அவர் எழுதிய மஞ்சள் அட்டை நோட்ஸ் பதினைந்து வருடம் ஓடியது. பாடமாக வைத்திருந்த நாவல் நூலகத்தில் இரண்டே பிரதி, இரண்டிலும் தூசி. நோட்ஸோ பெஞ்சுக்கு மூன்று. கதாபாத்திரங்கள், கதைச்சுருக்கம், மையக் கருத்துகள், கேட்கப்படக்கூடிய வினாக்கள் என்று அறுபத்து நான்கு பக்கத்தில் எல்லாம் அடங்கிவிடும். மற்றக் கல்லூரி ஆசிரியர்களும் அதை வைத்துத்தான் பாடம் நடத்தினார்கள். நாவலை எழுதியவரே எழுந்து வந்து பரீட்சை எழுதினாலும் இந்த நோட்ஸைப் படிக்காமல் தேறமாட்டார் என்று ஆசிரியர் அறையில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தவர் அந்த அறையில் ஒருவர்தான். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நாவல் நூற்றைம்பது வருடப் பழசு. மலைமேல் ஒரு மாளிகை. அங்கே இருக்கும் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுதுபார்க்க ஓர் இளம்பெண் வந்து தங்குகிறாள். மாளிகைக்காரன் நல்லவன்தான், அதிகம் பேசமாட்டான். மாடியில் ஓர் அறை எப்போதும் பூட்டியிருக்கிறது. ராத்திரியில் அங்கே யாரோ நடக்கிறார்கள். கேட்டால் காற்று என்கிறார்கள், எலி என்கிறார்கள். இவள் பழுதுபார்க்கும் குடும்ப ஓவியத்தில் ஒரு முகத்தின்மேல் மட்டும் யாரோ கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள்.

இந்த நாவலைப் பாடமாக வைத்த வருடம், அச்சகக்காரர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். பன்னிரண்டு நாளில் நோட்ஸ் வேண்டும், வேறு யாராவது போட்டுவிடுவதற்குள் நாம் போட்டுவிட வேண்டும் என்றார். அவருக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, கல்யாணமாகி இரண்டு வருடம். உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தார். படிக்கப் படிக்க அத்தியாயம் அத்தியாயமாகக் குறிப்பும் எழுதினார். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் கறுப்புச் சாயத்தைச் சுரண்டி எடுக்கிறாள். அடியில் ஒரு பெண்ணின் முகம், மாளிகைக்காரனின் அதே மூக்கு, அதே நெற்றி. யார் இது என்று சமையல்காரியைக் கேட்கிறாள். சமையல்காரி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: ‘ஐயாவுடைய அக்கா. மேலேதான் இருக்கிறார்கள்.’

அவர் புத்தகத்தை மூடினார். இன்னும் பதின்மூன்று அத்தியாயம் பாக்கி இருந்தது.

மூடியதற்குக் காரணம் அவர் தலைக்கு மேலேயே இருந்தது. அவருடைய அக்கா மாடி அறையில் இருந்தாள். கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.

அக்கா அவரைவிட ஐந்து வயது மூத்தவள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே சமயத்தில் ஆறு பேரைச் சமாளிப்பாள், குரல் உயராது. முப்பத்து மூன்று வயதில், ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அவளுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே யாருக்கோ பதில் சொல்வாள், இதோ இணைக்கிறேன் என்பாள். வேலையிடத்தில் விடுப்பு எடுக்கச் சொன்னார்கள். அந்த விடுப்பு முடியவே இல்லை. அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். கூடப்பிறந்தவர் இவர் ஒருத்தர்தான்.

மூன்று வருடம் அப்படியே ஓடியது. பிறகு இவருக்குச் சம்பந்தம் பேசி, பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். இவர் அக்காவிடம் போய், “மூணு நாள் மட்டும் மாடியில இருக்கியாக்கா, அவங்க வந்துட்டுப் போகட்டும்” என்றார். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. தன் தலையணையைத் தானே எடுத்துக்கொண்டு மேலே போனாள். அதைத்தான் பிற்பாடு அவரால் நினைத்துப் பார்க்க முடியாமல் போனது. கையைப் பிடித்து இழுத்துப் போயிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வந்தவர்களிடம், அக்கா வெளியூரில் உறவினர் வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. மூன்று நாள் மூன்று வாரமாயிற்று, மூன்று மாதமாயிற்று. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அக்கா தானாக இறங்கி வரப் பார்த்தாள். பாதிப் படியிலேயே அவர் போய் மறித்து மேலே கூட்டிப் போனார். அன்று சாயங்காலம் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தார். ஆணியைத் தானே அடித்தார்.

மனைவிக்குக் கல்யாணமான மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. மாடியில் என்ன சத்தம் என்று கேட்டாள். பூனை என்றார். பூனை பாட்டெல்லாம் பாடுமா என்று கேட்டுவிட்டு அவளே மேலே போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். இறங்கி வந்து, அண்ணியை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். அவர் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதமும் கேட்டாள், அதற்கு அடுத்த மாதமும் கேட்டாள். ஊர் என்ன சொல்லும், கல்லூரியில் என்ன நினைப்பார்கள், நாளைக்கு நமக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தார். பிள்ளை பிறக்கவில்லை. காரணம் மட்டும் நின்றது. மேலே கட்டில் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, குளியலறை இருக்கிறது, அக்காவுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று ஒருநாள் கேட்டார்.

“குறை வைக்கல. தாழ்ப்பாள்தான் வெச்சிருக்கோம்” என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வைத்திருக்கோம் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் சொன்னாள். மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் அக்காவோடு உட்கார்ந்திருப்பாள். இறங்கும்போது தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவாள். அவர் வாரம் ஒருமுறை போவார். பிறகு மாதம் ஒருமுறை.

அப்படிப்பட்ட மனிதர்தான் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நின்றுபோனார். அச்சகக்காரரோ தினம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் அவர் பேனாவை எடுத்து மீதிக் கதையைத் தானே எழுதினார். கதாநாயகி கதவை உடைத்துத் திறக்கிறாள், உள்ளே யாரும் இல்லை. ஒரு கண்ணாடி மட்டும் இருக்கிறது, அதில் அவள் முகம் தெரிகிறது. இதுவரை கேட்ட காலடி ஓசை எல்லாம் அவளுடைய பிரமை. ‘மூடிய அறை என்பது கதாநாயகியின் உள்ளமே’ என்று மையக் கருத்தில் எழுதி அடிக்கோடும் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் முழு மனுஷியை ஒரு வரியில் மறைத்தார். எழுதி முடித்தபோது வரி நன்றாக அமைந்துவிட்டது என்று ஒரு திருப்திகூட இருந்தது.

அந்த வரியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே ‘மூடிய அறை கதாநாயகியின் உள்ளமே, நிறுவுக’ என்று கேள்வி வந்தது. கேள்வித்தாள் தயாரித்தவரும் நோட்ஸைத்தான் படித்திருந்தார். ஒரு கருத்தரங்கில் யாரோ அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். யாராவது கடைசிவரை படித்துவிட்டுக் குட்டை உடைப்பார்கள் என்று முதல் இரண்டு வருடம் அவருக்குத் தூக்கமில்லை. யாரும் படிக்கவில்லை. மூன்றாம் வருடத்திலிருந்து, ஒருவேளை நாவலே அப்படித்தான் முடிகிறதோ என்று அவரே நம்பத் தொடங்கினார்.

ஆறாம் வருடம் பரீட்சைத் தாள் திருத்தும் முகாம். நீளக் கூடம், நாற்பது மேசை, மேசைக்கு ஒரு கட்டு. பெயரும் பதிவெண்ணும் தெரியாதபடி முகப்பைக் கிழித்துவிட்டு வேறு எண் போட்டிருப்பார்கள். எல்லாத் தாளிலும் அவருடைய வரிகளே திரும்பத் திரும்ப வந்தன. பார்க்காமலே மதிப்பெண் போட்டுக்கொண்டு போனார். நடுவில் ஒரு தாள், குனிந்து சாய்ந்த சின்ன எழுத்து. அதில் கண்ணாடி இல்லை, பிரமை இல்லை. மாளிகை நிறைய விருந்தாளிகள் இருக்கும் ஒரு மத்தியானத்தில் அந்த அக்கா படியிறங்கி வருகிறாள், காலி நாற்காலியில் உட்காருகிறாள், உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்கிறாள், மாளிகைக்காரன் எழுந்து வெளியே போய்விடுகிறான் என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு வரி: ‘மேலே இருந்தது பேயும் அல்ல, உள்ளமும் அல்ல, ஒருவருடைய அக்கா. உள்ளம் என்று எழுதிக்கொண்டால் நமக்கு வசதியாக இருக்கிறது.’

அவருக்குக் காது இரண்டும் சுட்டது. யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. தலைமைத் திருத்துநர் நான்கு மேசை தள்ளித்தான் இருந்தார். எழுந்து போய், நூலகத்திலிருந்து நாவலை எடுத்துவரச் சொல்லிக் கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு பெரிய கேள்விகளுக்கும் சுழி போட்டார். ஓரத்தில் ‘நூலுக்குப் புறம்பானது’ என்று எழுதினார். கூட்டிப் பார்த்தால் முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். தாளைக் கட்டில் செருகிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

இன்னும் எட்டு வருடம் போயிற்று. துறைக்குப் புதிதாக ஒரு விரிவுரையாளர் வந்து சேர்ந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், அமைதியான பெண். சேர்ந்த மூன்றாம் வாரம், சனிக்கிழமை காலை அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த நாவல். நோட்ஸின் பிற்பகுதியில் ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது, அச்சகத்தில் வேறு புத்தகத்தின் பக்கம் கலந்துவிட்டதோ என்னவோ, அடுத்த பதிப்பில் திருத்திவிட்டால் நல்லது என்று மிகுந்த மரியாதையோடு சொன்னாள். அவர் மனம் நோகக் கூடாது என்று அச்சகத்தின் மேல் பழியைப் போட்டு அவளே வழியும் செய்து கொடுத்தாள். பிறகு தன் கதையை வேடிக்கையாகச் சொன்னாள். அவள் நாவலைப் படித்துவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதினாளாம், முப்பத்தொன்று வந்ததாம். அடுத்த வருடம் நாவலை மூடி வைத்துவிட்டு நோட்ஸை மனப்பாடம் செய்தாளாம், அறுபத்தெட்டு.

அவர் சிரிக்க முயன்றார், வாய் ஒத்துழைக்கவில்லை. அந்தச் சமயத்தில் மாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. பழைய பாட்டு ஒன்றை நடுவிலிருந்து பாடினாள். வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பதினாறு வருடப் பழக்கம், அவர் நாக்கு தானாகவே புரண்டு, “மாடியில வாடகைக்குக் குடி…” என்று ஆரம்பித்தது.

தேநீரோடு வந்த மனைவி கோப்பையை மேசைமேல் வைத்தாள். “மேல அவரோட அக்கா இருக்காங்கம்மா” என்றாள்.

விரிவுரையாளர் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்ஸ் ஏன் பத்தொன்பதாம் அத்தியாயத்தோடு தடம் மாறுகிறது என்பது அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்பது எழுத்தில் வரும் பேச்சு. தரை அப்படியேதான் இருந்தது, அவர் அதன்மேல் உட்கார்ந்தே இருக்க வேண்டியிருந்தது. அவள் தேநீரைப் பாதி குடித்தாள், இன்னொரு நாள் வருகிறேன் சார் என்று எழுந்தாள். புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மறந்து விட்டதுபோல் தெரியவில்லை.

அன்று மத்தியானம் அவர் பாக்கிப் பதின்மூன்று அத்தியாயத்தையும் படித்தார். உப்பைத் தள்ளச் சொல்லும் இடம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீதியைப் படித்தார். பிறகு மேலே போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அவங்க போயிட்டாங்களா?” என்று கேட்டாள்.

காலையில் வந்தவளையா, பதினாறு வருடம் முன்பு வந்தவர்களையா, யாரைக் கேட்கிறாள் என்று விசாரிக்கும் தைரியம் அவருக்கு இல்லை. “போயிட்டாங்கக்கா. கீழ வா” என்றார்.

“இப்ப வேணாம்” என்றாள் அக்கா. மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

கதவு திறந்தே இருந்தும் அவள் இறங்கி வர ஒன்பது நாளாயிற்று. பத்தாம் நாள் மூன்று பேருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேர் அங்கே வரிசையில் நின்றார்கள், வணக்கம் சொன்னார்கள். கூட யார் சார் என்று கேட்டபோது, அக்கா என்று சொன்னார். டாக்டர் சின்ன வயசுக்காரர். எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், பத்தொன்பது என்றதும் பேனாவை நிறுத்தினார்.

“ஏன் சார், இவ்வளவு நாள் ஏன் கூட்டிட்டு வரல?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவர் சொல்லட்டும் என்று மனைவி காத்திருந்தாள். இது பலருக்கும் வருகிற நோய்தான், அப்போதே மாத்திரை கொடுத்திருந்தால் வேலைக்குத் திரும்பியிருக்கலாம் என்று டாக்டர் திட்டாமல் சாதாரணமாகச் சொன்னார். திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மாத்திரையில் குரல்கள் குறைந்தன, முழுதாகப் போகவில்லை. கீழே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அதைப் போட்டுக்கொண்டால் அவர் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சில நாள் திறப்பாள். சில நாள் அவர் வெளியிலேயே சற்று நின்றுவிட்டுத் திரும்புவார்.

இரண்டு மாதம் கழித்து விரிவுரையாளரை வீட்டுக்கு வரச் சொன்னார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அச்சகத்தில் எந்தப் பக்கமும் கலக்கவில்லை என்றார். நாவலைப் பாதிதான் படித்ததைச் சொன்னார். பிறகு அவள் தாளில் இருந்த கடைசி இரண்டு வரியை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். அவள் முகம் மாறியது. “அத நான்தான்மா திருத்தினேன். நீங்க எழுதினது சரின்னு அப்பவே எனக்குத் தோணிச்சு. தெரிஞ்சேதான் சுழி போட்டேன்” என்றார்.

கூடத்தில் பட்டாணித் தோல் உடையும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா தலையைத் தூக்கி அவளைப் பார்த்து, “லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“இருக்கேங்க” என்றாள் விரிவுரையாளர். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “அந்த ரிசல்ட் வந்தப்ப எங்கப்பா இருந்தாரு சார். அடுத்த வருஷம் நான் பாஸ் பண்ணினப்ப இல்ல. அவர் கடைசியா பாத்தது முப்பத்தொண்ணுதான். அதனால, பரவாயில்லன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது.”

அவர் சரி என்று தலையாட்டினார். பரவாயில்லை என்று அவள் சொல்ல வேண்டும் எனத் தான் உள்ளுக்குள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அது இன்னொரு வெட்கம். அவள் போகும்போது அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

அச்சகக்காரரிடம் போய்த் திருத்திய பதிப்பு போட வேண்டும் என்றார். ஓடுகிற குதிரையின் காலை எதற்குச் சார் உடைக்கிறீர்கள் என்று அவர் மறுத்துவிட்டார். பாடத்திட்டக் குழுவுக்கு ஐந்து பக்கத்தில் கடிதம் எழுதினார். குழு கூடியது. பதினைந்து வருடத் தாள்களுக்கு யார் பதில் சொல்வது என்று யோசித்தது. அடுத்த ஆண்டிலிருந்து அந்த நாவலையே பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மாளிகையோடு சேர்த்து அந்த அக்காவையும் மறுபடி பூட்டிவிட்டார்கள், அதற்கும் நான்தான் காரணம் என்று மனைவியிடம் சொன்னார். மனைவி ஆமாம் என்றாள்.

பதினொரு வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். கல்லூரிக் கூடத்தில் பிரிவுபசார விழா. இரண்டாம் வரிசையில் மனைவியும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது, விழாவுக்கென்று தலையை அழகாக வாரிக் கட்டியிருந்தாள். பேச வந்தவர்கள் எல்லோரும் நோட்ஸைப் பற்றித்தான் பேசினார்கள். அது இல்லையென்றால் நான் இன்றும் மூன்றாம் வருடத்தில்தான் இருப்பேன் என்றான் ஒரு பழைய மாணவன், இப்போது பெரிய அதிகாரி. மூடிய அறை உள்ளமே என்ற வரியை மேடையிலேயே ஒருவர் ஒப்பித்தார், கைதட்டல் எழுந்தது.

அவர் முறை வந்தது. ஒரு வாரமாக எழுதித் திருத்தி வைத்திருந்த இரண்டு பக்கத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒலிபெருக்கி முன்னால் நின்றார். முதல் வரியைப் படித்தார். “அந்த நாவலை நான் முழுதாகப் படிக்காமலேதான் நோட்ஸ் எழுதினேன்.”

கூடமே சிரித்தது. என்ன அடக்கம் என்று முதல்வர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது ஒலிபெருக்கியிலும் கேட்டது. அவர் நிறுத்தி, இது வேடிக்கை இல்லை என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள், கை தட்டினார்கள். பின்வரிசையில் சுவரோரம் நின்றிருந்த விரிவுரையாளர் ஒருத்திதான் சிரிக்கவில்லை. அவர் அடுத்த வரியைப் பார்த்தார். அது அக்காவைப் பற்றியது. அதற்கும் இவர்கள் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தார், காகிதத்தை மடித்தார், நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். கைதட்டல் அடங்கவில்லை. மனைவி கையை மடியில் வைத்திருந்தாள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று அக்காவும் தட்டினாள்.